இரண்டாவது ஊசி

ஜனவரி 9

அக்கா,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நலமாக இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். நம் வீட்டு வீம்பு உனக்குத் தெரியாததா?

போன் செய்திருக்கலாம். செய்தால் நீ எடுத்த எடுப்பிலேயே விளக்க ஆரம்பிப்பாய், நான் புரியாமலேயே "ம்" கொட்டுவேன், கடைசியில் இருவரும் பழைய சண்டையில் போய் நிற்போம். காகிதத்தில் இருந்தால் புரியாத இடத்தைத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். அதனால் நீயும் எழுத்திலேயே பதில் போடு.

விஷயம் வாலுவைப் பற்றியது. நீ கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பதினோரு மாதம், சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்போது ஐந்து வயது. வீட்டில் எல்லோரும் வாலு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால், பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டபோதும் அதையே சொல்லிவிட்டு வந்தாள்.

நடக்கப் பழகிய நாளிலிருந்தே முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாக இருக்கும். ஓடுகிற பிள்ளை விழும், விழுந்தால் கன்றும் என்று இருந்துவிட்டோம். போன வருஷம் ஒரு நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்து நாற்பது நிமிஷம் நிற்கவில்லை. பிளேட்லெட் பதினெட்டாயிரம் என்றார்கள். ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாதாமே. உடம்பே தன் பிளேட்லெட்டை எதிரி என்று நினைத்து அழிக்கிறது, மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடும் என்றார் டாக்டர். ஒரு வருஷமாக மாத்திரை. முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "இது யாருப்பா, புதுசா வந்திருக்கு?" என்று கேட்கிறாள். எண் ஏறவில்லை. போன வாரம் ஒன்பதாயிரம்.

நீ இருபது வருஷமாக இந்தப் பிளேட்லெட்டைத்தானே கட்டிக்கொண்டு மாரடிக்கிறாய். எனக்கு ஒன்று மட்டும் சொல். ஏன் ஏறமாட்டேன் என்கிறது?

நான் எழுதுவது என் மனைவிக்குத் தெரியாது. அன்றைக்கு உன் லேபுக்கு வேண்டுமென்று குழந்தைக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்தாய்; அவள் வேலை முடிந்து வந்து கையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்; நீ அரை டம்ளர் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனாய். இப்போதும் உன் பேச்சை எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். குழந்தையைப் பிடித்துக்கொண்டது நான். அதை மட்டும் இரண்டு பேரும் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள்.

தம்பி


ஜனவரி 17

தம்பி,

உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று அரை மணி நேரம் பிரிக்காமல் மேஜையில் வைத்திருந்தேன். திட்டியிருந்தாலே தேவலை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் சில பெரிய செல்கள் உண்டு. மற்றவற்றுக்கு நடுவே ஆட்டு மந்தையில் யானை நிற்கிற மாதிரி தெரியும். அவை பக்கத்து ரத்தக் குழாய்க்குள் நூல் நூலாகக் கையை நீட்டும். அந்த நூல்கள் துண்டு துண்டாக அறுந்து ரத்தத்தோடு போகும். அந்தத் துண்டுகள்தான் பிளேட்லெட். குழாயில் எங்கே கீறல் விழுந்தாலும் ஓடிப்போய் அடைப்பவை அவைதான். ஆயுள் பத்து நாள்கூடச் சரியாக இல்லை.

செத்துப்போகிறவற்றுக்குப் பதிலாக எத்தனை செய்ய வேண்டும் என்று மஜ்ஜைக்கு யார் சொல்வது? கல்லீரல் ஒரு தூதுப் புரதத்தை அனுப்புகிறது. அந்தப் பெரிய செல்லின் மேல்தோலில் அதை வாங்கிக்கொள்ள இன்னொரு புரதம் இருக்கிறது, ஏற்பி என்போம். தூது அதில் வந்து உட்கார்ந்தால், செய்தி உள்ளே ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே போகும். செல் பெருகும், வளரும், நூலை நீட்டும்.

வேடிக்கை என்னவென்றால், கல்லீரல் பிளேட்லெட்டை எண்ணிப் பார்த்து அனுப்புவதில்லை. ஏறக்குறைய ஒரே அளவில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஓடுகிற பிளேட்லெட்டுகள்மீதும் அதே ஏற்பி உண்டு. வழியிலேயே தூதைப் பிடித்து விழுங்கிவிடும். பிளேட்லெட் நிறைய இருந்தால் தூது வழியில் தீர்ந்துபோகும், மஜ்ஜை நிதானமாக வேலை செய்யும். குறைந்தால் தூது மிஞ்சி மஜ்ஜைக்குப் போகும், வேலை சூடு பிடிக்கும். என் இருபது வருஷப் பிழைப்பும் இந்த ஒரு பத்திதான்.

இனி வாலு. உங்கள் டாக்டர் சொல்கிற நோய் என்றால் தூது அவ்வளவாக ஏறியிருக்காது. மஜ்ஜையே பிளேட்லெட்டைச் செய்யவில்லை என்றால் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். ஆஸ்பத்திரிகளில் இதைப் பெரும்பாலும் அளப்பதில்லை. என் லேபில் அளக்கலாம்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்கிறேன். அவள் ரத்தம் கொஞ்சம் வேண்டும். அங்கேயே அவர்கள் எடுத்து, தெளிந்த நீரை மட்டும் பிரித்து ஐஸில் வைத்து அனுப்பினால் போதும். டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஊசியை நான் போடப்போவதில்லை என்று உன் மனைவியிடம் சொல். அவளுக்குத் தெரியாமல் மட்டும் அனுப்பாதே.

அக்கா


ஜனவரி 29

அக்கா,

பெட்டி நேற்று கிளம்பிவிட்டது. மேலே "குளிரில் வை" என்று மூன்று பக்கமும் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து புரியாமல் அடுப்பில் வைத்துவிடப் போகிறார்கள்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். லிஃப்ட் ரிப்பேர்க்காரனுக்கு அவன் பாஷையில்தான் புரியும். மாடியில் நிற்கிறவர் பட்டனை அழுத்துகிறார். மேலே மோட்டார் அறையில் இருக்கிற போர்டு அதைக் காதில் வாங்கினால் பெட்டி வரும். வரவில்லை என்றால் கோளாறு பட்டனிலா, போர்டிலா என்று பார்க்க வேண்டும். ஒரு வருஷமாக நாங்கள் வந்த பெட்டியை யாரோ உடைக்கிறார்கள் என்று வாசலில் தேடுகிறோம், பெட்டியே கிளம்பாமல் இருக்கலாம் என்கிறாய். சரிதானே?

மனைவியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக் கூடையையும் மடித்து முடித்தாள். அப்புறம், "குத்துறது அவங்க இல்லல்ல, அனுப்புங்க," என்றாள். வாலு உடனே, "எந்த அத்தை? ஊசி அத்தையா?" என்றாள். உனக்கு இங்கே அதுதான் பெயர். ஊசி அத்தை ரொம்ப உயரமா, ஊசி அத்தைக்குப் பல் இருக்கா என்று ஒரே கேள்வி. பல் இருக்கிறது, சிரிக்கத்தான் வராது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கதவு திறந்திருக்கும்போதே மேலே நகர்ந்துவிட்டது. ஒரு அம்மாவின் கால் மயிரிழையில் தப்பியது. போய்ப் பார்த்தால், எனக்கு முன்னால் வந்த மெக்கானிக் கதவு சென்சாரை வேலை செய்யாதபடி வயர் போட்டுக் கட்டியிருக்கிறான். கேட்டால், "அது சும்மா சும்மா பொய் சொல்லுதுண்ணே, அதான்," என்கிறான். எங்கள் தொழிலில் கயிறு அறுந்து ஆள் செத்ததை நான் பார்த்ததில்லை. சென்சார் பொய் சொல்கிறது என்று இவர்களாக முடிவு கட்டித்தான் ஆளைக் கொல்கிறார்கள். அவனை அங்கேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். நடுவில் எனக்கு வாலுவின் டாக்டர் ஞாபகம் வந்துவிட்டது. பாவம், அந்தப் பையனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

சீக்கிரம் அளந்து எழுது.

தம்பி


பிப்ரவரி 12

தம்பி,

மூன்று தரம் அளந்தேன். வேறொருவரைக் கொண்டும் ஒரு தரம் அளக்கச் சொன்னேன். தூதுப் புரதம் சாதாரணமாக இருப்பதைப்போல முப்பது மடங்குக்கு மேல் இருக்கிறது.

நீ கேட்டது சரி. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். போர்டுக்குக் கேட்கவில்லை. பெரிய செல்லின் மேல் இருக்க வேண்டிய ஏற்பி பிறவியிலேயே பழுதாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். அப்படியானால் உடம்பு தன்னைத்தானே அழிக்கவில்லை, ஒரு வருஷமாகச் சாப்பிட்ட மாத்திரைக்கு இதில் வேலையே இல்லை. தூது மாதிரியே வேலை செய்கிற மருந்துகள் உண்டு, அதை டாக்டர் யோசிக்கலாம். ஆனால் அவையும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும்.

டாக்டரிடம் உடனே மஜ்ஜையைப் பார்க்கச் சொல். ஏற்பியின் ஜீனையும் பார்க்கச் சொல். நாளைக்கு என்று தள்ளாதே. அவர் கோபித்துக்கொண்டால் என்மேல் பழியைப் போடு. உங்கள் வீட்டில் அது பழக்கமான காரியம்தானே.

இன்னொன்று எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம்.

எனக்குப் பல் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் வைத்திருக்கிறேன். வாலுவிடம் காட்டு.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

நீ சொன்னதேதான். மஜ்ஜையில் அந்த யானைகள் இல்லை. தேடித் தேடி ஒன்றிரண்டு பார்த்தார்களாம். ஏற்பி ஜீன் இரண்டும் பழுது. ஒன்று என்னிடமிருந்து, ஒன்று என் மனைவியிடமிருந்து. எங்கள் இருவருக்கும் ஒன்று பழுது, ஒன்று நல்லது என்பதால் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைக்குப் பார்த்துப் பார்த்துப் பழுதை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். அவள் அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "அவளுக்குக் கண்ணு என்னோடது, மூக்கு உங்களோடதுன்னு சண்டை போட்டோமே," என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மஜ்ஜையை மாற்றுவதுதான் வழி என்கிறார் டாக்டர். முழுதாகப் பொருந்துகிறவர் கிடைக்கவில்லை. பாதி பொருந்தினாலும் செய்யலாமாம். பாதி நான். எனக்குப் பழுது ஒன்றுதான் என்பதால் என் மஜ்ஜை வேலை செய்யுமாம். ஏப்ரல் இருபது என்று நாள் குறித்திருக்கிறார்கள். அவர் நல்லவர்தான் அக்கா. உன் கடிதத்தை என் முன்னாலேயே படித்துவிட்டு, "நான் ஒரு வருஷம் வீணாக்கிட்டேன்," என்று சொன்னார். அதற்கு மேல் அவரிடம் கோபப்பட முடியவில்லை.

இன்னொரு சமாச்சாரம், வெளியில் சொல்லாதே. அவள் மாசமாக இருக்கிறாள். இரண்டு மாதம். சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறோம். இதுவும் அப்படிப் பிறக்க நாலில் ஒன்று வாய்ப்பாம். பிறக்கும் முன்பே வயிற்றுக்குள் ஊசி விட்டுப் பார்க்கலாம் என்றார்கள். முடியவே முடியாது என்றுவிட்டாள்.

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது எப்போதாவது ரத்தம் பார்த்தீர்களா, எண் என்ன இருந்தது என்றார். இல்லை என்றேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது. நீ எடுத்தாயே. அந்த எண் என்ன அக்கா?

தம்பி


மார்ச் 9

தம்பி,

பழைய நோட்டுகள் எல்லாம் கிடங்கில் இருக்கின்றன. தேடச் சொல்லியிருக்கிறேன். கிடைத்ததும் எழுதுகிறேன்.

நீ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு. கொடுக்கிறவன் உடம்பும் முக்கியம்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. வேலை அதிகம் போல.

வாலுவை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். தனி அறை, கண்ணாடிக் கதவு. கட்டிலின் கம்பிக்கெல்லாம் பஞ்சு சுற்றியிருக்கிறார்கள், இடித்துக்கொள்ளக் கூடாதாம். பிரஷ் வைத்துப் பல் தேய்க்கக் கூடாது, ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. வாலுவை வாலாட்டக் கூடாது என்றால் எப்படி இருக்கும், நீயே யோசித்துக்கொள். மூன்று நாளைக்கு ஒரு தடவை வேறு யாருடைய பிளேட்லெட்டோ ஏற்றுகிறார்கள். முதலில் ஏற்றினால் மூன்று நாள் நின்றது, இப்போது மறுநாளே இறங்கிவிடுகிறது. அடுத்தவர் பிளேட்லெட்டை அடிக்கடி பார்த்து அவள் உடம்பு முழித்துக்கொண்டதாம்.

"அப்பாவோட எலும்பிலேருந்து எடுத்து உனக்குத் தருவாங்க," என்றேன். "அப்ப எனக்கும் மீசை வருமா?" என்றாள். நர்ஸ் சிரித்த சிரிப்பில் டிரேயைக் கீழே போட்டுவிட்டாள். வாலுவுக்கும் நாள் தெரியும். சுவரில் ஏப்ரல் இருபது வரைக்கும் கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறாள், தினமும் ஒன்றில் கலர் அடிக்கிறாள். சிவப்பு மட்டும் எடுப்பதில்லை. சிவப்பு போதும் என்கிறாள்.

உன் படம் கண்ணாடிக் கதவில் இருக்கிறது. ஊசி அத்தை எப்போது வருவாள் என்று கேட்டாள். அவள் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். எழுந்து போகவில்லை.

நோட்டு கிடைத்ததா?

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

நோட்டு தொலையவே இல்லை. என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. பிப்ரவரியில் உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிட்டேன். கிடங்கு என்று எழுதியது பொய்.

எண் அறுபத்திரண்டாயிரம்.

எங்கள் லேபில் ஒரு பழக்கம். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டும். அதற்கு அவரவர் வீட்டு ஆட்களிடம் எடுத்து வருவோம். நம் வீட்டு ஆள் என்றால் ஆரோக்கியமான ஆள் என்று அர்த்தம். யாரும் கேள்வி கேட்டதில்லை. குழந்தைகளின் ரத்தம் கிடைப்பது அரிது, அதனால்தான் அன்றைக்கு உன் வீட்டுக்கு ஊசியோடு வந்தேன்.

அவள் கையை உதறினாள், ஊசி நழுவியது, ரத்தம் மெதுவாகத்தான் இறங்கியது. உனக்கு ஞாபகம் இருக்கும். அப்படி எடுத்தால் சில சமயம் குழாய்க்குள்ளேயே பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். ஒரு கட்டியை மெஷின் ஒன்றாக எண்ணும், எண் பொய்யாகக் குறையும். தினமும் நடக்கிற விஷயம். நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, கட்டி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார். இல்லையென்றால் எண் உண்மை. சந்தேகமாக இருந்தால் போய் இன்னொரு தரம் ரத்தம் எடு.

நான் தகட்டில் தேய்க்கவில்லை. இன்னொரு தரம் எடுக்கவும் இல்லை. "கட்டி. சேர்க்க வேண்டாம்" என்று எழுதி, அந்த வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். நிஜம் அதுவல்ல. கட்டி இல்லை என்று தெரிந்துவிட்டால் நான் மறுபடி உன் வீட்டுக் கதவைத் தட்டி, இன்னொரு ஊசி போட வேண்டும் என்று உன் மனைவியிடம் கேட்க வேண்டும். முந்தின நாள்தான் அவள், "எங்க குழந்தை உங்க எலி இல்ல," என்று சொல்லியிருந்தாள். ஊசி போட்ட இடம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருப்பதைக் காட்டினாள். "கையை ஆட்டினா வீங்கத்தான் செய்யும்," என்றேன். பிளேட்லெட்டிலேயே ஊறிப்போன ஒருத்தி, ஒரு துளை வழியாக அவ்வளவு ரத்தம் கசிந்த கையைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னேன். எண் சரியாகத்தான் இருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம் தோன்றியதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவள் முன்னால் போய் நிற்க ரோஷம் விடவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் தெரிந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அப்போது வாலுவிடம் அறுபத்திரண்டாயிரம் இருந்தது. ஒரு வருஷம் வீண் மாத்திரை இருந்திருக்காது. பொருந்துகிறவரைத் தேட நேரம் இருந்திருக்கும். இத்தனை பேருடைய பிளேட்லெட்டை ஏற்றிக்கொண்டு அவள் உடம்பு முரண்டு பிடித்திருக்காது.

வயர் போட்டுக் கட்டிய மெக்கானிக்கைப் பற்றி ஜனவரியில் எழுதினாய். அந்தக் கடிதத்தை நான் லேபில் நின்றபடியே படித்தேன். அவனைத் திட்டியதில் என் பங்கும் இருக்கிறது என்று அப்போது தெரியாது.

இதை உன் மனைவிக்கும் படித்துக் காட்டு. ஏப்ரல் இருபதுக்கு நான் வரட்டுமா, வரக் கூடாதா என்று நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 25

தம்பி,

டாக்டர் எனக்கு இரண்டு வரி எழுதியிருந்தார். பதினொன்றாம் தேதி காலையில், படம் வரைந்துகொண்டிருக்கும்போது தலை வலிக்கிறது என்றாளாம். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது, மாலைக்குள் போய்விட்டாள், இனி சாம்பிள் எதுவும் அனுப்ப வேண்டியிருக்காது என்று எழுதியிருந்தார்.

பதினான்காம் தேதி உன் தெருவுக்கு வந்தேன். எதிரே இருக்கிற மருந்துக் கடை வாசலில் நின்றேன். உன் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. நீ வெளியே வந்து வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனாய். நிமிர்ந்து பார்த்திருந்தால் நான் தெரிந்திருப்பேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். பஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

என் கடிதம் வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் போவதற்கு முன்னால் படித்தாயா, பின்னாலா?

அக்கா


ஜூன் 18

தம்பி,

பதிலில்லாமல் நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அவளிடம் எடுத்து அனுப்பிய ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உறைபெட்டியில், என் கையெழுத்தில், "வாலு" என்று எழுதிய சின்னக் குழாய். மற்ற குழாய்களுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறோம். விதிப்படி இதற்கும் எண்தான் போட வேண்டும். போடவில்லை.

லேபில் எல்லோருக்கும் நோட்டைக் காட்டிவிட்டேன். இனி யாரும் வீட்டு ஆட்களின் ரத்தத்தைக் கேள்வி கேட்காமல் நல்ல ரத்தம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதைச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை.

நான் அவளை ஒரே ஒரு தடவை தூக்கியிருக்கிறேன். அதுவும் ஊசி போட.

அக்கா


செப்டம்பர் 6

அக்கா,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஏப்ரல் மூன்றாம் தேதிக் கடிதம் வந்த அன்று நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். பன்னிரண்டாம் தேதி கொடுத்தார். அன்றைக்கு எதைப் படிக்கிற நிலைமை? அப்படியே என் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டேன். அடுத்தடுத்து வந்ததையும் அதிலேயே போட்டேன். போன மாதம் என் மனைவி ஸ்பேனர் தேடப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். மேஜையில் வரிசையாக வைத்து, தேதி பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதலில் அவள் படித்தாள். பிறகு எனக்குப் படித்துக் காட்டினாள். அறுபத்திரண்டாயிரம் என்ற இடத்தில் நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து மறுபடி படித்தாள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. மூன்று வாரம் உன்மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை, வராததை எழுத மாட்டேன்.

ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொண்டது நான்தான். வீங்கின கையை நானும் பார்த்தேன். முதல் கடிதத்தில் உங்கள் இருவருக்கும் மறதி என்று கேலி செய்தேனே. நானும் மறந்துதான் இருந்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுதச் சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணி அன்னிக்குத் திரும்பி வந்து இன்னொரு ஊசி போடணும்னு கேட்டிருந்தா நான் கதவைத் திறந்திருப்பேனான்னு யோசிச்சுப் பார்த்தேன். திறந்திருக்க மாட்டேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்தியிருப்பேன். அது அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்து தட்டியிருக்கணும். தட்டினாங்களான்னுதான் என் கேள்வி." இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள். ஏப்ரலுக்குப் பிறகு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அந்த நோட்டில் அடித்த வரியை அழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில், எண் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடு. என் மகள் பொய் சொல்லவில்லை.

வாலுவின் கட்டம் போட்ட காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்து வந்துவிட்டோம். ஒன்பது கட்டம் வெள்ளையாக இருக்கிறது. உன் படமும் எங்களிடம்தான் இருக்கிறது, பல்லுக்கு மட்டும் பச்சைக் கலர் அடித்து வைத்திருக்கிறாள்.

இப்போது விஷயம். இருபத்தெட்டாம் தேதி பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறந்ததும் குழந்தையின் ரத்தத்தை ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள், டாக்டரும் எழுதி வைத்திருக்கிறார். அது போதாது என்கிறாள் இவள். "அவங்களே வந்து எடுக்கட்டும். மொத ஊசி சரியா வரலேன்னா ரெண்டாவது போடட்டும். நான் கத்துவேன். கத்தினா கத்தட்டும்னு போடணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்கதான் பிடிச்சுக்கணும்," என்றாள்.

இருபத்தாறாம் தேதியே வந்துவிடு. மருந்துக் கடை வாசலில் நிற்காதே, நேராக உள்ளே வா. ஊசி இரண்டாகக் கொண்டு வா.

தம்பி